சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கேள்வி

தொலைபேசியில் பேசிய பெண் அதிகம் சொல்லவில்லை. ரஷ்ய மொழி, வெஸ்ட்கேட்டில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகம், வியாழக்கிழமை காலை பத்து மணி. வயதான ஒருவர் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவருக்கு ஆங்கிலம் வராதாம். ஒரு மணி நேர வேலை. நான் சரி என்றேன். தொலைபேசியை வைத்த கையோடு அடுப்படிக்கும் முன்னறைக்குமாக நடக்கத் தொடங்கினேன்.

பதினொரு வருடமாக இந்த வேலையைப் பகுதிநேரமாகச் செய்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போக்குவரத்து அபராதம் என்று எத்தனையோ இடங்களில் ரஷ்ய மொழிக்காரருக்கும் இந்த நாட்டுக்காரருக்கும் நடுவில் இருந்திருக்கிறேன். ஒருநாளும் கை நடுங்கியதில்லை. ஆனால் ரஷ்யம், பத்திரம், கையெழுத்து என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. என் கணவருக்கு இது தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

"என்னத்துக்கு இப்பிடிச் சுத்துறீர்? மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"ஒருக்கா மாட்டன் எண்டால் பிறகு கூப்பிடமாட்டினம்."

"அப்ப போம்."

"போறன்தானே."

"அப்ப இரும்."

இருக்க முடியவில்லை. ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாய்வாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் இறங்கி, களை இல்லாத இடத்தில் களை பிடுங்கினேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு சட்டம் உண்டு. பயிற்சியின் முதல் நாளே தலையில் ஆணி அடித்தமாதிரி இறக்கிவிடுவார்கள். கூட்டாதே, குறைக்காதே, உன் கருத்தைச் சொல்லாதே. யாராவது உன்னிடம் நேரே ஏதாவது கேட்டால், அந்தக் கேள்வியையும் மொழிபெயர்த்து மற்றவரிடம் கொடுத்துவிடு. உன் வாக்கியமாக ஒன்றே ஒன்றுதான் உனக்குச் சொந்தம்: "தயவுசெய்து அதை மறுபடி சொல்வீர்களா, சரியாக மொழிபெயர்க்க வேண்டும்." வகுப்பில் எல்லோரும் இதைக் குறித்துக்கொண்டார்கள். நான் மட்டும் பேனையை வைத்துவிட்டு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்தச் சட்டத்தை உடைத்தால் என்ன ஆகும் என்று அந்த வகுப்பில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தேன். அப்படி ஒரு மமதை. அதில் பாதி பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

நான் படித்தது நூற்பு. பஞ்சையும் கம்பளியையும் நூலாக்குகிற பொறியியல். எண்பதுகளின் கடைசியில், ஊரில் சண்டையும் சுற்றிவளைப்புமாக இருந்த காலத்தில், அப்பாவின் இடதுசாரிச் சிநேகிதர் ஒருவர் மூலம் எனக்குச் சோவியத் நாட்டில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஒரு வருடம் மொழி. அதன் பிறகு மாஸ்கோவிலிருந்து ஒரு இரவு ரயில் தூரத்தில், ஆலைப் புகைபோக்கிகளே கோபுரங்களாக நின்ற ஒரு நகரத்தில் படிப்பு.

மூன்றாம் வருடம் எங்களுக்கு சோசலிசத்தின் அரசியல் பொருளாதாரம் படிப்பித்தவர், அந்தச் சாத்திரத்தைக் கரைத்துக் குடித்தவர். நான் அதில் ஐந்துக்கு ஐந்து எடுத்தேன். கோடை விடுமுறை முடிந்து வந்தால், அதே மனிதர், அதே கோட்டு, கையில் அதே பிரம்பு, கரும்பலகையில் மட்டும் சந்தைப் பொருளாதாரத்தின் அடிப்படைகள். நான் எழும்பி, போன வருடம் நான் எடுத்த ஐந்து இனியும் செல்லுமா என்று கேட்டேன். "செல்லும், ஆனால் மறந்துவிடு" என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மே மாத ஊர்வலத்துக்கு வராதவர்களின் பெயரை எழுதிக்கொண்டு திரிந்த கட்சி இளைஞர் அணிச் செயலாளர், அதே அறையில், அதே மேசையில் ஒரு தனியார் வங்கிக் கிளையைத் திறந்தார். சுவரில் தலைவர் படம் மாட்டியிருந்த இடம் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. அதை மறைக்க ஒரு ஜெர்மன் கார் நாட்காட்டியைத் தொங்கவிட்டார். நாட்காட்டி சின்னது. விளிம்பில் வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது. கம்யூனிசம் விழுந்தது, விழுந்தது என்று உலகமே சொல்லியது. எங்கள் நகரத்தில் விழுந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். மேலே இருந்தவர்களில் ஒருவர் விழுந்ததைக்கூட நான் காணவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதிலேயே இருந்தார்கள்.

கடைசி வருடம் எனக்குப் பயிற்சி ஒரு நூற்பாலையில். ஆலைப் பணிப்பாளர் முன்பு மாவட்டக் கட்சிக் குழுவில் பெரிய ஆள். என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். விடுதியில் வெப்பக் குழாய் உடைந்தபோது ஆள் அனுப்பித் திருத்தினார். என் கால்களைப் பார்த்துவிட்டு ஒரு சோடி கம்பளிச் சப்பாத்து தந்தார். என் பட்டத் திட்ட அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். போடுவேன் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு வேலை பழக்கியவள் ஒரு நூற்புக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அறுந்த நூலை ஓடுகிற இயந்திரத்திலேயே ஒட்டப் பழக்கினாள். முதல் நாளே தன் தலைத்துணியை அவிழ்த்து என் தலையில் இறுக்கக் கட்டினாள். "உன்ர தலைமயிர் இந்தச் சுழலுற கதிரில சிக்கினால் தலையும் சேர்ந்து போகும், பிள்ளை" என்றாள். ரஷ்ய மொழியில்தான் சொன்னாள். ஆனால் அந்த மொழியில் யார் எதைச் சொன்னாலும் என் தலைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும். ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஒரு மாதத்தில் அந்த முறைநேரத்துப் பெண்கள் எல்லோருமே அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த வசந்தத்தில் ஆலை தனியார்மயமாகப் போகிறது என்றார்கள். தொழிலாளருக்கெல்லாம் பங்கு என்றார்கள். வெளிநாட்டு ஆலோசகர்கள் மூவர் வந்தார்கள். நகரத்தில் ஆங்கிலமும் ரஷ்யமும் ஆலையும் தெரிந்த ஆள் நான்தான் என்பதால் என்னைப் பக்கத்தில் இருத்தினார்கள். மூவரில் ஒருவர் நியூசிலாந்துக்காரர். வெயிலில் சிவந்த முகம். பீட்ரூட் சூப்பைக் கண்டால் மட்டும் அந்த முகம் வெளிறிவிடும். தங்கள் நாட்டில் இதையெல்லாம் ஏற்கனவே செய்து முடித்துவிட்டார்களாம், கொஞ்சம் வலித்ததாம், இப்போது எல்லோரும் நன்றாக இருக்கிறார்களாம். அந்த நாடு உலக வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அன்றிரவு தேடிப் பார்த்தேன். பல வருடம் கழித்து நான் அதே நாட்டுக்கு, இங்கே வந்து ஒடாஹுஹுவில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, மதிய இடைவேளையில் அந்தச் சீர்திருத்தத்தில் வேலை இழந்த ஒரு பழைய ரயில் வேலைக்காரர் எனக்கு எதிரே இருந்து தன் சாண்ட்விச்சைப் பிரித்தபடி, அந்தக் 'கொஞ்சம் வலி' என்ன என்று சொன்னார். அது வேறு கதை.

ஒரு மதியம் ஆலையின் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம். ஆலோசகர்கள் பங்குடைமை பற்றிப் பேசினார்கள். பணிப்பாளர் எழும்பி, வெளியாட்கள் வந்து ஆலையை விழுங்காமல் இருக்க எல்லோரும் தங்கள் பங்கைத் தன் பெயரில் ஒப்படைத்தால் நல்லது என்றார். மேசைகளில் பத்திரங்களும் பேனைகளும் தயாராக இருந்தன. மண்டபம் முழுக்கப் பெண்கள். முட்டைக்கோசும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொண்டை வறண்டிருந்தேன்.

அப்போது அக்கா எழும்பினாள். பணிப்பாளரைப் பார்க்கவில்லை. ஆலோசகர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பிள்ளை, நீ சொல்லு. நாங்கள் போடலாமோ?"

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது கலங்கிப்போய் நின்று கேட்டால், விஷயம் தெரிகிறதோ இல்லையோ, முதலில் ஆறுதல் சொல்லிவிடுவோம். ஆஸ்பத்திரி வாசலில், விமான நிலையத்தில், பரீட்சை முடிவு வரும் நாளில், எங்கேயும் ஒரே வசனம். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற ஒரு மரியாதை. அது என் வாயில் தானாக வந்தது. வேறு மொழியில் வந்ததே தவிர, வந்தது எங்கள் வசனம்தான்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா. பணிப்பாளர் உங்கட ஆள்தானே."

நியூசிலாந்துக்காரர் என் பக்கம் குனிந்து, அவள் என்ன கேட்டாள் என்றார். நடைமுறை பற்றி ஒரு சந்தேகம், விளக்கிவிட்டேன் என்றேன். பணிப்பாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

இரண்டு பனிக்காலம்கூட ஆகவில்லை. நல்ல இயந்திரங்களைக் கழற்றி எங்கேயோ விற்றார்கள். மண்டபங்கள் சாமான் கிடங்குகளாயின. சம்பளத்துக்குப் பதிலாகக் கொஞ்சக் காலம் துவாய் கொடுத்தார்கள். பட்டம் கிடைத்த பிறகும் ஒரு வருடம் அங்கேயே இருந்துவிட்டு, நான் அந்த நகரத்தை விட்டுப் போன நாளில், ரயில் மேடையில் வரிசையாகப் பெண்கள் துவாய் விற்றுக்கொண்டு நின்றார்கள். அதில் அக்காவும் நின்றாள். இரண்டு கையிலும், தோளிலும் துவாய். என்னைக் கண்டதும் முகம் திருப்புவாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. ஒரு துவாயை என் பையில் திணித்தாள். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள். ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்தத் துவாய் இன்றும் என் அலுமாரியில், பட்டக் கோப்புக்கு மேலே மடித்தபடி இருக்கிறது. ஒருமுறை என் கணவர் அதைக் கார் துடைக்க எடுத்துவிட்டார். "இந்தச் சொரசொரப்புக்கு இது கார் துடைக்கத்தான் சரி" என்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு என் கணவர் அந்தத் தட்டில் கை வைப்பதே இல்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னமே கிளம்பினேன். சுரங்கப் பாதைக்குள் முன்னால் போன லொறி மெதுவாகப் போனதற்கு அதன் ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் ஏசினேன். நெடுஞ்சாலையிலிருந்து வெஸ்ட்கேட்டில் இறங்க வேண்டிய வெளிவாசலைத் தவறவிட்டு, திரும்பி வந்து, புதிதாக முளைத்த கடைகளுக்கு நடுவில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அங்கே எல்லாக் கட்டடமும் நேற்றுத்தான் உறை பிரித்ததுபோல இருக்கும்.

சட்டத்தரணி ஒரு இளம் ஃபிஜி இந்தியப் பெண். பெயரைப் பார்த்தால் தென்னிந்திய வேர். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். அந்த மனிதர் கசகஸ்தானில் இருந்து மகளிடம் வந்தவர். அங்கே இருந்த வீட்டை விற்ற பணம், மகளும் மருமகனும் இங்கே வாங்குகிற வீட்டுக்குப் போகிறது. மோர்ட்கேஜ் கொடுக்கும் வங்கி, இது கடன் அல்ல, அன்பளிப்பு என்று அவரிடம் எழுதி வாங்கச் சொல்கிறது. அவர் தெரிந்துதான் போடுகிறாரா என்று தனியாக விளக்குவது அவளுடைய வேலை. அதனால் மகளை வெளியே இருக்கச் சொல்லியிருந்தாள்.

மனிதர் உள்ளே வந்த விதத்திலேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அந்த ஆளை அல்ல, அந்த வகையை. கதவைத் தான் திறக்காமல், யாரோ திறப்பார்கள் என்று ஒரு கணம் நிற்கிற பழக்கம். மேசையின் தலைப்பக்கத்துக் கதிரையைப் பார்க்கிற பார்வை. சட்டத்தரணி கோப்பு எடுக்க எழும்பிய நேரத்தில், கேட்காமலே என்னிடம் சொன்னார்.

"நான் சீமெந்து ஆலை நடத்தினவன். முதல் கட்சியின்ர ஆளாய், பிறகு சொந்தக்காரனாய். ஒரு நகரமே என்ர சொல்லைக் கேட்டு நடந்தது."

"பிறகு?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது.

"பிறகு என்னிலும் பெரிய ஆக்கள் வந்தினம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்? நெஞ்சுக்குள் யாரோ விளக்கேற்றிய மாதிரி இருந்தது. முப்பது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஒரு கன்னம், அறைவதற்கு வசதியாக, மேசைக்கு அந்தப் பக்கம் வந்து இருந்தது.

சட்டத்தரணி பத்திரத்தை வாசித்து விளக்கினாள். நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நாலாவது பந்தியில் அவள் குரலை மெதுவாக்கினாள்: இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அந்த வீட்டில் உங்களுக்கு எந்தப் பங்கும் இராது, மகளும் மருமகனும் பிரிந்தாலும், வீட்டை விற்றாலும், உங்களை வெளியே போகச் சொன்னாலும், இந்தப் பணத்தை நீங்கள் திருப்பிக் கேட்க முடியாது. சொன்னேன். மனிதரின் முகம் அசையவில்லை. பேனையைக் கையில் எடுத்து உருட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்னமே ஒருமுறை கண்டிருக்கிறேன்.

"நீர் எங்கட பக்கம் படிச்ச ஆள் போல இருக்கு. நீர் சொல்லும். நான் போடலாமோ?"

சட்டத்தின்படி கேள்வியை ஆங்கிலத்தில் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்ல முடியாது என்று அவள் சொன்னாள். அதையும் ரஷ்யத்தில் அவரிடம் கொடுத்தேன். எவ்வளவு வசதியான சட்டம். இப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவர் கையெழுத்துப் போடுவார். ஒரு சீமெந்து ஆலைக்காரர் தன் கூரையைத் தன் கையாலேயே கொடுப்பார். யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் பேனை தாளைத் தொடப் போனபோது என் வாய் திறந்துவிட்டது.

"தயவுசெய்து அந்த நாலாவது பந்தியை மறுபடி சொல்வீர்களா? சரியாக மொழிபெயர்க்க வேண்டும்."

சட்டத்தரணி மறுபடி சொன்னாள். நானும் சொன்னேன், முன்னையிலும் மெதுவாக. மனிதர் தலையாட்டிவிட்டுக் குனிந்தார். "மன்னிக்க வேண்டும், இன்னொரு தடவை" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, மூன்றாம் தடவை சொன்னாள். வெளியே போகச் சொன்னாலும் என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. அவருக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"காணும்" என்றார் மனிதர். "முதல் தரமே கேட்டது."

விளங்கியது என்று சட்டத்தரணிக்குச் சொல்லச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். பெரிய, நீளமான கையெழுத்து. மற்றவர்களின் பத்திரங்களில் போட்டுப் பழகிய கை.

கார்த் தரிப்பிடத்தில் காற்று ஆளைத் தள்ளியது. மகள் உள்ளே ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருக்க, அவர் சுவரோரமாக நின்று சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். நான் என் காரைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"நீங்கள் போட்டிருக்கக் கூடாது."

"இப்ப சொல்லுறீர்."

"உள்ள சொல்லக் கூடாது."

"அதுதானே மூண்டு தரம் சொல்ல வைச்சனீர்." முதன்முறையாகச் சிரித்தார். "அப்பிடியான வசனங்களை எழுதுவிச்ச ஆள் நான். அது எந்தப் பந்தியில இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? போடாட்டி எங்க போறது? அங்கத்தை வீட்டை வித்தாச்சு. இங்க மகளின்ர மேசையில இருந்துதானே சாப்பிடவேணும்."

அந்தச் சிரிப்பு எனக்குக் கோபத்தை மூட்டிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். ஆலை, பணிப்பாளர், சாப்பாட்டு மண்டபம், அக்கா, நான் சொன்ன வசனம், துவாய். என் கணவருக்குக்கூடச் சொல்லாததை, வெஸ்ட்கேட்டில் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நின்று, பெயர் தெரியாத ஒரு சீமெந்துக்காரரிடம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், பழுதான இயந்திரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"பத்திரத்தை எப்ப காட்டினவை?"

"அண்டைக்குத்தான். கூட்டத்தில."

"இல்லை. ஒரு கிழமைக்கு முந்தியே ஒவ்வொரு மேற்பார்வையாளனும் தன்ர ஆக்களைத் தனித்தனியாய்க் கூப்பிட்டுச் சொல்லியிருப்பான். போடாத ஆளுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை எண்டு. கூட்டம் வெளிநாட்டுக்காரருக்குக் காட்டத்தான். நானும் அப்பிடித்தான் செய்தனான். எல்லாரும் அப்பிடித்தான் செய்தவை."

"அப்ப, நான் சொன்னதால இல்லையே?"

"உம்மால இல்லை. நீர் என்ன சொல்லியிருந்தாலும் அவை போட்டிருப்பினம்."

பக்கத்தில் நின்ற காரில் சாய்ந்துகொண்டேன். முப்பது வருடமாகச் சுமந்த பாரத்தை யாரோ வந்து, இது உன்னுடையது அல்ல என்று இறக்கி வைத்தால் எப்படி இருக்கும்? அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அத்துடன் வீட்டுக்குப் போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதுதான் தெரிந்தது?

"அப்ப அவ ஏன் எழும்பி என்னட்டைக் கேட்டவ? எல்லாம் முதலே தெரியுமெண்டால்?"

அவர் சிகரெட்டைப் பார்த்தார். அது காற்றில் தானாகவே எரிந்து முடிந்திருந்தது.

"அந்த மண்டபத்தில உங்கட பணிப்பாளனிட்டைச் சம்பளம் வாங்காத ஆள் நீர் ஒராள்தானே, பிள்ளை. வெளிநாட்டுக்காரருக்கு விளங்கிற பாஷையில சொல்லக்கூடிய ஆளும் நீர்தான். அவ உம்மட்டை ஆலோசனை கேக்கேல்லை. எழும்பி, வேண்டாம் எண்டு ஒருக்கால் சத்தமாய்ச் சொல்லச் சொல்லித்தான் கேட்டிருக்கிறா."

நான் பைக்குள் கார்ச் சாவியைத் தேடினேன்.

"சொல்லியிருந்தாலும் ஒண்டும் மாறியிராது" என்றார், ஆறுதலாகத்தான். "ஆனா உமக்கு என்ன பெரிசாய்ப் போயிருக்கும்?"

மகளின் கார் வந்தது. முன் கதிரையில் ஏதோ பெட்டி இருந்ததால் அவரைப் பின்னால் ஏறச் சொன்னாள். குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில், முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒரு நகரமே சொல் கேட்டு நடந்த மனிதர் ஒடுங்கி இருந்தார். கை காட்டினார். நானும் காட்டினேன்.

வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று நினைவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே இருந்த பட்டக் கோப்பைக் கட்டிலில் விரித்தேன். திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கம். நீல மை. பணிப்பாளரின் கையெழுத்து, பெரிதாக, நீளமாக. திகதியைப் பார்த்தேன். சாப்பாட்டு மண்டபக் கூட்டம் நடந்த அதே கிழமை.

என் கணவர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன தேடுறீர்? வேலை சரியே?"

"நாங்கள் இஞ்ச வர விண்ணப்பிச்ச நேரம் புள்ளி பார்த்தவைதானே. அதில கூடப் புள்ளி எதுக்குக் கிடைச்சது?"

"உம்மட பட்டத்துக்குத்தான். அது இல்லாட்டி எங்களை ஆர் எடுத்திருப்பினம்? இப்ப என்னத்துக்கு அது?"

கட்டிலில் இருந்தேன். உடனே எழும்பினேன். அக்கா கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல். அதை ரஷ்ய மொழியில், ஒரு மண்டபத்துக்குக் கேட்கிற அளவு சத்தமாகச் சொன்னேன்.

"என்ன சொல்லுறீர்?" என்று என் கணவர் கேட்டார்.

நான் மொழிபெயர்க்கவில்லை.